நம்மாளு ஒருத்தரும் இல்லாத சைக்கிள் ரேஸ்... அனகாபுத்தூர்ல உட்கார்ந்து ஏன் பார்க்கணும்?

போன வருஷம் மே 31, சனிக்கிழமை. ராத்திரி எட்டு மணி தாண்டியிருக்கும். அனகாபுத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில், அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

"என்னடா ஆச்சு? இன்னிக்கு மேட்ச்கூட இல்லையே!"

"மேட்ச் இல்லம்மா. சைக்கிள் ரேஸ்."

"யாரு, நம்மாளா?"

"இல்ல. இங்கிலாந்துக்காரர்."

"ஜெயிச்சுட்டாரா?"

"இன்னும் இல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே மலையில தோத்துப்போனார். இப்ப என்னன்னா..."

"தோசை கருகுது" என்று அம்மா போய்விட்டார்.

அன்றைக்குப் பாதியில் நின்றதை இப்போது முழுசாகச் சொல்லியாக வேண்டும். காரணம் இருக்கிறது. கடந்த ஜனவரி 19 முதல் 23 வரை, புனேயில் 'புனே கிராண்ட் டூர்' நடந்து முடிந்திருக்கிறது. பல நாள் ஓடும் சர்வதேச சைக்கிள் ரேஸ், உலக சைக்கிளிங் அமைப்பான யு.சி.ஐ-யின் அங்கீகாரத்தோடு, நம் நாட்டு ரோட்டில். இத்தனை வருஷம் நள்ளிரவுக் காதல் மாதிரி தனியாக ரசித்துக்கொண்டிருந்த விஷயம் திடீரென்று பக்கத்து மாநிலத்துக்குப் பக்கத்து மாநிலம் வரை வந்துவிட்டது. 'அடுத்து நம்ம ஊருக்கு வருமா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வந்தால் யாருக்கு லாபம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த மலை.

ஒரே மலை, ரெண்டு தடவை

டூர் டி பிரான்ஸ் தெரியும். அதற்கு இத்தாலியில் ஒரு சகோதரன் உண்டு, ஜீரோ டி இத்தாலியா. மூன்று வாரம், 21 ஸ்டேஜ். ஒவ்வொரு நாளும் ஒரு தனி ரேஸ். ஆனால் மூன்று வார நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைந்த நேரமோ அவர்தான் சாம்பியன். தினமும் அந்தக் கணக்கில் முதலில் இருப்பவர் ரோஸ் நிற ஜெர்சி போட்டுக்கொள்வார்.

2018 ஜீரோவில் சைமன் யேட்ஸ் 13 நாள் அந்த ரோஸ் ஜெர்சியைப் போட்டிருந்தார். முடிய மூன்றே நாள். கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்று ஒரு மலை. 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், உச்சிக்கு முந்தைய எட்டு கிலோமீட்டரில் தாரே கிடையாது, மண் ரோடு. எங்கள் பக்கம் 'ஏற்றம்' என்றால் குன்றத்தூர் முருகன் கோயில் மலைதான். அதை ஏறி இறங்கினாலே ஒரு இளநீர் தேவைப்படும் ஆள் நான். ஃபினெஸ்ட்ரேயை டி.வி-யில் பார்த்தாலே தொடை வலிக்கும். அந்த மலையில் யேட்ஸ் அப்படியே உட்கார்ந்துபோனார். கிறிஸ் ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியாகப் பறந்து ஜெயித்தார். அன்று ஒரே நாளில் யேட்ஸ் இழந்தது 38 நிமிடங்களுக்கு மேல்.

2025-ல் அதே மலை, கடைசிக்கு முந்தைய நாள் வந்தது. முதலிடத்தில் மெக்ஸிகோவைச் சேர்ந்த 21 வயதுப் பையன் இசாக் டெல் டோரோ. 43 விநாடி பின்னால் ஈக்வடாரின் ரிச்சர்ட் கராபாஸ். யேட்ஸ் மூன்றாவது, 1 நிமிடம் 21 விநாடி பின்னால். மலையில் யேட்ஸ் நழுவி முன்னால் போனார். பின்னால் இருந்த ரெண்டு பேரும் சேர்ந்து துரத்தியிருந்தால் பிடித்திருக்கலாம். ஆனால், 'நான் இழுத்து, கடைசியில நீ என்னை முந்திட்டுப் போகவா?' என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸில் ரெண்டு பேர் ஒரு சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்துவிடுவாரே, அதுதான் நடந்தது.

இதில் இன்னொரு ஆள் இருக்கிறார். அவரால்தான் நான் அன்றைக்குக் கத்தினேன். வவுட் வான் ஆர்ட். யேட்ஸின் அணிக்காரர், பெல்ஜியத்தின் சூப்பர் ஸ்டார், அதே ஜீரோவில் ஒரு ஸ்டேஜை ஜெயித்தவர். காலையிலேயே ஒரு கூட்டத்தோடு முன்னால் தப்பித்துப் போயிருந்தார். நினைத்திருந்தால் அன்றைய ஸ்டேஜையும் அவர் குறி வைத்திருக்கலாம். உச்சியைத் தாண்டி, வேகத்தைக் குறைத்து, யேட்ஸ் வரும் வரை காத்திருந்தார். பிறகு பள்ளத்தாக்கில் எதிர்காற்று முழுவதையும் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, யேட்ஸைப் பின்னால் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டு போனார். கடைசி ஏற்றம் தொடங்கியதும் ஒதுங்கிக்கொண்டார். யேட்ஸ் அன்று ரோஸ் ஜெர்சியை எடுத்தார். மறுநாள் ரோமில் 3 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் சாம்பியன்.

ஏழு வருஷக் கதை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்த யேட்ஸ், 33 வயதில், இந்த ஜனவரியில் 'போதும்' என்று ரிட்டையர் ஆகிவிட்டார். ஃபினெஸ்ட்ரே கணக்கு தீர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டுப் பேர் உழைப்பு, ஒருத்தர் பேரு

'எல்லாரும் ஒண்ணாத்தானே போறாங்க, இதுல என்ன இருக்கு?' என்பதுதான் புதிதாகப் பார்க்கும் எல்லோருடைய கேள்வியும். எனக்கும் முதல் ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தது. காற்று புரிந்த பிறகுதான் ரேஸ் புரிந்தது.

ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினால், காற்றை அவர் கிழித்துத் தருகிறார். பின்னால் இருப்பவருக்குச் சக்தி கணிசமாக மிச்சமாகும். பெரிய கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் இன்னும் மிச்சம். ஸ்டேஜ் ரேஸின் அரசியல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. யார் முன்னால் போய்க் காற்றை வாங்குவது? யார் ஒளிந்துகொண்டு வருவது? எதிரியாக இருந்தாலும் எத்தனை கிலோமீட்டர் வரை அவனோடு கூட்டணி? 2025 டூர் டி பிரான்ஸில் 23 அணிகள், அணிக்கு எட்டுப் பேர், மொத்தம் 184 பேர் கிளம்பினார்கள். இவர்களில் 'நான்தான் ஜெயிப்பேன்' என்று கிளம்பியவர்கள் இரண்டு கை விரலுக்குள் அடங்குவார்கள். மீதிப் பேர் வேறு வேலைக்கு வந்தவர்கள். கார் வரை பின்னால் போய் எட்டு வாட்டர் பாட்டிலை ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு மறுபடி முன்னால் வந்து பங்கு போடுவது, தலைவருக்குப் பங்ச்சர் ஆனால் தன் வீலைக் கழற்றிக் கொடுப்பது, காற்றை வாங்குவது. 'டொமெஸ்டிக்' என்று இவர்களுக்குப் பெயர். பிரெஞ்சில் வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம்.

டூர் ஜெயித்தவருக்கு 5 லட்சம் யூரோ பரிசு. அதை அணிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். ஆனால் போட்டோவில் ஒருத்தர்தான்.

அனகாபுத்தூர்க்காரனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. வாழைநாரில் சேலை நெய்து பேர் வாங்கிய ஊர் இது. அதற்கு முன்னால், நைஜீரியா வரை போன 'மெட்ராஸ் கைக்குட்டை' துணி நெய்த தறிகள் ஓடிய ஊர். கட்டிக்கொண்டவர்களுக்குத் தறியில் உட்கார்ந்தவரின் பெயர் தெரியாது. நான் டொமெஸ்டிக்குகளைப் பார்க்கத் தொடங்கியதற்கு அதுதான் காரணம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால், கேமரா தலைவர் முகத்தைக் காட்டும்போது என் கண் அவருக்கு முன்னால் குனிந்து மிதிக்கிற ஆளைத் தேடும். பழக்கமாகிவிட்டது.

இன்னொரு விஷயம், இந்த விளையாட்டில் ஊர் அணி கிடையாது. சி.எஸ்.கே மாதிரி 'நம்ம ஊரு' என்று மஞ்சள் சட்டை போட முடியாது. அணியின் பெயரே ஸ்பான்சர் பெயர்தான். ஸ்பான்சர் போனால் அணியின் பெயர் மாறும், சில சமயம் அணியே காணாமல் போகும். டிக்கெட் வருமானம் என்று ஒன்றே இல்லை, ரோட்டில் நின்று பார்ப்பதற்கு யார் டிக்கெட் கேட்பது? அதனால் ரசிகன் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்கிறான். அந்த ஆள் எந்த ஜெர்சி மாட்டினாலும் அவர் பின்னால் போகிறான். 'நம்மாளா?' என்று அம்மா கேட்டதற்கு நேர்மையான பதில், 'நாமதான் ஆக்கிக்கணும்'.

எரித்ரியாவின் பினியம் கிர்மாயை நான் அப்படித்தான் நம்மாளாக ஆக்கிக்கொண்டேன். 2024 டூரில் மூன்று ஸ்டேஜ் ஜெயித்து, பச்சை ஜெர்சியோடு வீட்டுக்குப் போனார். நூறு வருஷத்துக்கு மேல் ஓடும் ரேஸில் ஒரு ஸ்டேஜை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். அன்றைக்கு எரித்ரியாவின் தெருக்களில் நடந்த கொண்டாட்ட வீடியோக்களைப் பார்த்தால், 2011 ஏப்ரல் 2 ராத்திரி நம் தெருக்கள்தான் ஞாபகம் வரும்.

ஆபீஸ் முடிஞ்சு ட்ரெயின்ல வரும்போது...

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நேரம் நமக்குச் சாதகம். ஐரோப்பாவின் கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பெரும்பாலான ஸ்டேஜ்கள் நம் நேரத்துக்கு மாலை கிளம்பி, ராத்திரி எட்டரை, ஒன்பது வாக்கில் முடியும். கிண்டியில் ட்ரெயின் ஏறும்போது 60 கிலோமீட்டர் மிச்சம், பல்லாவரத்தில் இறங்கும்போது 40, அங்கிருந்து பஸ் பிடித்து பம்மல் நெரிசலைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது கடைசி ஏற்றம். சில நாள் பஸ்ஸைவிட அவர்கள் வேகமாக மலை ஏறுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எந்த ஆப்பில் வருகிறது என்பது அடிக்கடி மாறும், ஜூலைக்கு முன்னால் ஒரு தடவை தேடிக்கொள்ளுங்கள். நேரம் இல்லாதவர்களுக்கு டூர் டி பிரான்ஸின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் ஹைலைட்ஸ் உண்டு. நெட்ஃப்ளிக்ஸில் 'டூர் டி பிரான்ஸ்: அன்செய்ன்டு' மூன்று சீசன் இருக்கிறது. அதில் டிராமாவுக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் முகங்கள் பழக உதவும்.

பஸ்ஸில் இருந்தபடி ஸ்கோர் மட்டும் பார்க்கிற ஆளுக்கு ஒரு பழைய கணக்கு சொல்லித் தருகிறேன். முன்னால் தப்பித்துப் போனவர்களைப் பெரிய கூட்டம் துரத்தும்போது, சமதளத்தில் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற விகிதத்தில் இடைவெளி குறையும். பிரெஞ்சு டி.வி வர்ணனையாளர் ரொபேர் ஷபாத் பெயரில் வழங்கும் கணக்கு இது. 30 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது இடைவெளி இரண்டு நிமிடம் என்றால், தப்பித்தவர்கள் பிடிபடுவார்கள். நான்கு நிமிடம் என்றால், உட்கார்ந்து பார்க்கலாம். எப்போதாவது இந்தக் கணக்கு தப்பும். அந்த 'எப்போதாவது'க்காகத்தான் பார்ப்பதே. போன வருஷம் டூரின் 11-வது ஸ்டேஜில், துலூஸ் நகரில், நார்வேயின் யோனாஸ் ஆப்ரஹாம்சன் ஜெயித்தார். அதற்கு நாலு வாரம் முன்னால்தான் அவருடைய காறை எலும்பு உடைந்திருந்தது.

கடைசியில் வருகிறவரையும் விட்டுவிடாதீர்கள். மொத்த நேரத்தில் கடைசி இடத்தில் இருப்பவருக்கு 'சிவப்பு லாந்தர்' என்று செல்லப் பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கில் இருந்து வந்தது. தாம்பரம் லைனில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு நேர வரம்பு உண்டு, அதற்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் கிளம்ப முடியாது. மலை நாட்களில் முன்னால் பொகாச்சரும் விங்கெகோரும் மோதிக்கொண்டிருக்க, பின்னால் அரை மணி நேரம் தள்ளி, சமதளத்தில் புலிகளான கனத்த ஆட்கள் வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஒன்றாகக் கூட்டு சேர்ந்து மிதித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அந்த ரேஸ்தான் பிடிக்கும்.

சின்ன வயசில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மைதானத்தில் ஒருத்தர் நாள் கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டம் அடிப்பார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிளிலேயே. ஸ்பீக்கரில் பாட்டு, சட்டையில் குத்திய ரூபாய் நோட்டு, டியூப்லைட் உடைப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'இன்னும் சுத்துறாரா?' என்று எழுந்து போய்ப் பார்த்த கூட்டம்தானே நாம்! பல நாள் ஓடும் ரேஸை ரசிக்கும் குணம் இந்த மண்ணில் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

புனே என்ன சொல்லுது?

டூரும் ஜீரோவும் பத்திரிகை விற்பதற்காகத் தொடங்கப்பட்டவை. 1903-ல் 'லோட்டோ' என்ற பிரெஞ்சுப் பத்திரிகை டூரைத் தொடங்கியது. அது மஞ்சள் காகிதத்தில் அச்சானது, 1919-ல் வந்த மஞ்சள் ஜெர்சிக்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. இத்தாலியப் பத்திரிகையின் காகிதம் ரோஸ், அதனால் ஜீரோவுக்கு ரோஸ். (ஒரு வார இதழின் தளத்தில் இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.) புனே ரேஸின் பின்னால் இருந்தது பத்திரிகை இல்லை, மாவட்ட நிர்வாகம். தொடக்கத்தில் ஒரு குறுகிய தூர ஓட்டம், பிறகு நான்கு ஸ்டேஜ், மொத்தம் 437 கிலோமீட்டர். நியூசிலாந்தின் லூக் மட்வே சாம்பியன்.

இதன் தரவரிசை '2.2'. முதல் 2, பல நாள் ரேஸ் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது 2, எந்தப் படி என்பதை. சர்வதேச ஏணியில் இது கீழ்ப்படி. பொகாச்சர் இங்கே வர மாட்டார். ஆனால் இந்தப் படியில் எடுக்கும் புள்ளியும் சர்வதேசப் புள்ளிதான், ஒலிம்பிக்ஸ் சாலை ரேஸுக்கு நாடுகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் சேரும். இத்தனை காலம் நம் ஆட்கள் அந்தப் புள்ளிகளைத் தேடி வெளிநாடு போக வேண்டியிருந்தது. நவீன் ஜான் ஆஸ்திரேலிய அணியில் சேர்ந்து ஓட்டியதெல்லாம் அந்தத் தேடலில்தான்.

'கீழ்ப்படிதானே' என்று சிரிப்பவர்களுக்கு ருவாண்டாவைக் காட்டுவேன். டூர் டு ருவாண்டா 2009-ல் இதே 2.2 தரத்தில்தான் சர்வதேசக் காலண்டருக்குள் வந்தது. 2014-ல் சொந்த நாட்டுப் பையன் வாலென்ஸ் எண்டாயிசெங்கா அதை ஜெயித்தார். 2019-ல் ஒரு படி மேலே போனது. 2025 செப்டம்பரில், உலக சாம்பியன்ஷிப்பே கிகாலிக்கு வந்தது. ஆப்பிரிக்கா அதை நடத்தியது அதுதான் முதல் தடவை. மேட்டிலும் சுவர் மேலும் மரத்திலும் ஜனம். அந்த வாரம் முழுக்க நான் ரேஸைவிட ரோட்டோரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். 16 வருஷம், விடாமல், ஒவ்வொரு வருஷமும் நடத்தியதன் பலன் அது. அரசியல் விமர்சனங்கள் அந்த ரேஸைச் சுற்றியும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை.

அரசியல் என்றதும் இன்னொன்று. ஸ்டேடியத்துக்கு கேட் உண்டு, ரோட்டுக்கு இல்லை. போன செப்டம்பரில் ஸ்பெயினின் வுயெல்டா ரேஸில், இஸ்ரேல் பெயர் தாங்கிய அணி ஓடியதை எதிர்த்து, காஸாவுக்காக ஜனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். செப்டம்பர் 14, மாட்ரிட்டில் கடைசி ஸ்டேஜ் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சாம்பியனான விங்கெகோருக்கு ஒரு ஹோட்டல் கார் பார்க்கிங்கில், ஐஸ் பெட்டிகளை மேடையாக்கி பரிசளிப்பு நடந்தது. இந்த வருஷம் அந்த அணி பெயரையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. 'விளையாட்டில் அரசியல் வேண்டாம்' என்பவர்கள் பேசட்டும். நிர்வாகிகள் எத்தனை அறிக்கை விட்டாலும், ரோடு ஜனங்களுடையது என்பதை இந்த விளையாட்டு மறைக்கவே முடியாது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அதனால்தான் புனே செய்தியில் என்னைப் பிடித்து நிறுத்தியது சாம்பியன் பெயர் இல்லை, ரோடு. ரேஸ் போகும் பாதையில் தார் புதிதாகப் போட்டார்கள், அகலப்படுத்தினார்கள். 25 மில்லிமீட்டர் சொச்ச டயரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு ஒரு சின்னப் பள்ளம் போதும், காறை எலும்பு போய்விடும். அதனால் செய்துதான் ஆக வேண்டும். சரி. ஆனால் அதே பள்ளத்தில் தினமும் சைக்கிள் விடுகிறவருக்கு எலும்பு இல்லையா?

காலை ஐந்தரை மணிக்கு பல்லாவரம் – குன்றத்தூர் ரோட்டில் வந்து நில்லுங்கள். பேப்பர் போடும் பையன்கள். கேரியரில் டீ கேன் கட்டிய அண்ணன்கள். பம்மல் பக்கம் தோல் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள். நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் மிதித்து வரும் செக்யூரிட்டி பெரியவர்கள். எட்டு மணிக்கு மேல், அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பிளஸ் ஒன் பிள்ளைகள். இவர்களுக்கு ஹெல்மெட் இல்லை, பின்னால் லைட் இல்லை, பக்கத்தில் உரசிக்கொண்டு தண்ணி லாரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட், கூலிங் கிளாஸ் சகிதம் வண்டலூர் – மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டில் கியர் சைக்கிளில் போகிற எங்களை மட்டும்தான் 'சைக்கிளிஸ்ட்' என்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. நானும் பல நாள் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு வணக்கம்கூட வைக்காமல்.

நம்ம ரோட்டுல ஒரு ஸ்டேஜ் வரைஞ்சா?

ரசிகர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு கற்பனை ஸ்டேஜ் வரைவது. என்னுடையது தாம்பரத்தில் கிளம்பும். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து புதுச்சேரி வரை. பார்த்தால் தட்டையான, போரடிக்கிற ஸ்டேஜ். ஆனால் ஈ.சி.ஆர் வடக்கு தெற்காகப் போகிறது, மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அதாவது, பக்கவாட்டுக் காற்று. சைக்கிள் ரேஸில் மலையைவிட இது கொடுமை. முன்னால் இருப்பவருக்கு நேர் பின்னால் ஒளிய முடியாது. சாய்ந்த வரிசையாகத்தான் ஒளிய முடியும், ரோட்டின் அகலத்துக்கு எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் ஓரத்தில் தனித்தனியாகக் காற்று வாங்கி அறுந்துபோவார்கள். மரக்காணம் பக்கம் கூட்டம் நாலு துண்டாகும் என்று நான் பந்தயம் கட்டத் தயார். மறுநாள் ஸ்டேஜ் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

நம்மிடம் எதுவும் இல்லாமலும் இல்லை. அம்பத்தூரில் பல வருஷமாக சைக்கிள் செய்த ஊர் சென்னை. மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் பல்கலைக்கழகத்தில் வெலோட்ரோம் இருக்கிறது, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டியின் டிராக் சைக்கிளிங் அங்கேதான் நடந்தது. தாம்பரத்தில் இருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். நீலகிரியில் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' 2008-ல் இருந்து ஓடுகிறது, அது தொழில்முறை ரேஸ் இல்லை, ஆனால் அந்த மலை ரோடுகளில் பல நாள் சைக்கிள் பயணத்தை எப்படி நடத்துவது என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, வரட்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் ஒரு தடவை பேனர் கட்டி, தார் போட்டு, போட்டோ எடுத்துவிட்டு அடுத்த வருஷம் மறந்துபோகும் ரேஸ் வேண்டாம். அப்படிப்பட்டதை நம் ஊர்களில் நிறையப் பார்த்தாகிவிட்டது. புனேயை நான் அடுத்த ஜனவரியில்தான் மதிப்பிடுவேன். ரெண்டாவது தடவை நடக்கிறதா, மூன்றாவது நடக்கிறதா, போட்ட தார் அதுவரை இருக்கிறதா என்று. இங்கே வந்தால், ரேஸ் பாதையில் போடுகிற முதல் கிலோமீட்டர் தார், டீ கேன் அண்ணன் தினமும் போகிற ரோட்டில் விழ வேண்டும், ஓரமாக ஒரு சைக்கிள் தடத்தோடு. ரேஸுக்கு வரும் ஐரோப்பியனுக்கு ஒரு நாள் தேவைப்படுகிற அதே ரோடு, இவருக்கு 365 நாளும் தேவை. இதைக் கேட்பது ரசிகன் வேலையா என்றால், ஆமாம். டிக்கெட் வாங்காமல் பார்க்கிற விளையாட்டில் ரசிகன் வேறு எப்படித்தான் காசு கொடுப்பது?

இந்த வருஷம் டூர் டி பிரான்ஸ் ஜூலை 4-ம் தேதி பார்சிலோனாவில் தொடங்குகிறது. 2020, 2021, 2024, 2025 என்று நாலு தடவை ஜெயித்த பொகாச்சர் ஐந்தாவதைத் தேடி வருகிறார். கடைசி வாரத்தில் ஆல்ப் டி'ஹூயெஸ் மலையில் இரண்டு நாள் தொடர்ச்சியாக ஸ்டேஜ் முடிகிறது. ஜூலை 24 வெள்ளி, 25 சனி. வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்ப இப்போதே ஆபீஸில் சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வீட்டில்தான். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த இங்கிலாந்துக்காரர் வர்றாரா?"

"இல்லம்மா. அவர் ரிட்டையர் ஆயிட்டார்."

"அவரை இழுத்துட்டுப் போனாரே, ஒருத்தர்?"

அம்மா அன்றைக்குத் தோசைக்கு நடுவில் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.